தேநீர் கொடுக்காத வீடு

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். வேலை மாறிப் போன ஊரில், ஒற்றை அறையில் நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்தால் எங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. (இது அம்மா எழுதச் சொன்னது. எனக்கு இறங்குகிறது.)

வீட்டை விற்றால்தான் உங்களிடம் வந்து சேர முடியும். ஆறு மாதமாகியும் விற்கவில்லை. சந்தை படுத்துவிட்டது என்கிறார் தரகர். நம் தெருவில் மட்டும் 'வீடு விற்பனைக்கு' என்று ஒன்பது பலகைகள் தொங்குகின்றன. ஆனால் எதிர்வீடு பன்னிரண்டே நாளில் விற்றுவிட்டது. அதற்கு மாடிகூடக் கிடையாது. காரணத்தைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரர்கள் முதல் நாளே நியாயமான விலை சொன்னார்கள். ஒழுகிய குழாயை மாற்றி, பாதிச் சாமான்களை அப்புறப்படுத்தினார்கள். யாராவது பார்க்க வந்தால் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

நம் வீட்டுக்கு நேற்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மா அவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். "இந்த ஜன்னல் வைக்கும்போது இவ என் வயித்துல இருந்தா. ஆசாரிகிட்ட இவ அப்பா போட்ட சண்டை இருக்கே..." என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். அவர்கள் மாடி ஏறவே இல்லை, விலையும் கேட்கவில்லை. "ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்படியே பதினான்கு குடும்பங்கள் நமக்குப் பழக்கமாகிவிட்டன.

தேநீரும் கதையும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "வந்தவங்களை வாசல்லயே நிக்க வைக்கணுமா, பெரிய மனுஷி?" என்று கேட்டாள்.

உங்கள் அன்பு மகள்,
புத்தகப்புழு

ஜூன் 12

என் செல்லப் புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தை அலுவலக நண்பரிடமும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே.

பாதித் தப்பு என்னுடையது. சந்தை விழுந்த பிறகும் பழைய விலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். குறைக்கச் சொல்லித் தரகருக்கு எழுதிவிட்டேன். மீதிப் பாதி உன் பொறுப்பு. ஆள் வரும் நேரத்தில் அம்மாவை நூலகத்துக்கு அழைத்துப் போ. நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

பின்குறிப்பு: ஆசாரியிடம் சண்டை போட்டது நானில்லை, உன் அம்மா.

அப்பா

ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல் சனிக்கிழமை, புத்தகம் தூக்க ஆள் வேண்டும் என்று அம்மாவை அழைத்துப் போனேன். அடுத்த சனிக்கிழமை அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். வழியில், "நான் இருந்தா விக்காதுன்னு எனக்கும் தெரியும்டி. கதை சொல்லிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது நம்ம வீடு மாதிரி இருந்துச்சு" என்றாள். என் நோட்டில் இந்தக் காரணம் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றே வீடு முடிவாகிவிட்டது. வாங்கியது யார் தெரியுமா? அன்று தேநீர் குடித்த அதே கணவனும் மனைவியும்தான். தரகருடன் மறுபடி வந்து, அப்போதுதான் மாடியைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போட்டுப் பத்திரம் பதிந்த அன்று அந்த அம்மாள், "ஜன்னல் கதையை நீங்க முடிக்கவே இல்லையே" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா சொல்லி முடித்த கதையில் சண்டை போட்டது இன்னும் நீங்கள்தான்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். அது வந்து சேரும்போது இந்த முகவரியில் நாங்கள் இருக்க மாட்டோம். ஞாயிறு காலை ரயில். மூன்று பேருக்குச் சமைத்து வையுங்கள்.

உங்கள் மகள்