பழைய ரேடியேட்டர்

ஈஜோக்,
9.11.2025

அன்பு மகள் தனேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பவனேஷும் பேத்தி யாழினியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் துணை நிற்கட்டும்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. சரவாக்கில் உன் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் படகு வரும் என்றாய். இது உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், ஆகட்டும். ஃபோனில் பேசினால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. அறுந்துவிடாவிட்டால் நானே ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், டிசம்பர் லீவுக்கு மூன்று பேரும் வருகிறோம், ஏர்போர்ட்டிலிருந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு வர அந்தக் கார் தாங்குமா அப்பா என்று. பயமே இல்லை, எல்லாம் மாற்றியாயிற்று என்றேன். அன்றைக்கு அது பொய். இன்றைக்கு உண்மை. நடுவில் நடந்ததைத் தெரிந்துகொண்டு நீ டிக்கெட் எடுப்பதுதான் முறை.

காரை ஜெராம் சாலையில் பழைய கார் விற்கும் சேதுவிடம் வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். பத்து வருஷம் ஓடிய கார். முன் பிரேக், அப்சார்பர், ரேடியேட்டர் மூன்றும் தேறாது என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டேன். மூன்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், விலையிலேயே அதுவும் சேர்த்தி என்றான் சேது. அதோடு விடாமல் கடையில் மாட்டியிருந்த முருகன் படத்தையும் தொட்டான். சாமி படத்தைத் தொட்டுப் பேசும் வியாபாரியிடம் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் ஒரு காரியம் செய்தேன். முப்பத்தொரு வருஷம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டியவன் நான். வெட்டிய குலையின் காம்பில் நம் நம்பரை எழுதிவைத்தால்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதை நம் கணக்கில் எண்ணுவார். எழுதாத குலை ஊரான் குலை. என் நம்பர் அறுபத்திரண்டு. வீட்டில் வாளி, மண்வெட்டி, கடைசியில் உன் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் வரைக்கும் 62 என்று எழுதிவைத்து, நீ வெட்கப்பட்டு அழுதிருக்கிறாய். ஓட்டிப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த காரைச் சேதுவிடம் திருப்பி விடுவதற்கு முதல் நாள் முன் சக்கரங்களைக் கழற்றி, கீழே படுத்து, மாற்ற வேண்டிய சாமான்கள் எல்லாவற்றிலும் அந்த நம்பரை ஆணியால் கீறிவைத்தேன். குலையில் எழுதுகிற மெழுகுப் பென்சில் என்றால் என்ஜின் சூட்டுக்கு உருகிவிடும்.

ஒரு வாரத்தில் கார் கல்யாணப் பெண் மாதிரி வந்தது. கோயில் வாசலில் பூசை போட்டு, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அன்றைக்கே குனிந்து பார்த்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் சேதுவின் கடை எனக்குப் போக்கிடம் ஆகிவிட்டது. இங்கே பக்கத்து வீடுகளில் இப்போது இருப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் சிரிப்பதைத் தவிர அவர்களிடம் எனக்குப் பேச மொழி இல்லை. ஒரு ஆளுக்கு உலை வைத்தால் சோறு பாதி அடிப்பிடித்துவிடுகிறது. ஏதாவது சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் காரை ஜெராமுக்கு ஓட்டிவிடுவேன். சத்தம் ஒன்றும் இருக்காது. சேது அண்ணே என்று நாற்காலியை இழுத்துப் போடுவான். அவன் மனைவி புஷ்பவள்ளி கேட்காமலே பால் விடாத தே ஓ கொண்டுவந்து வைப்பாள். நீ வர முடியாத இந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். குறை சொல்லவில்லை அம்மா, உனக்கு லீவு கிடைக்காதது எனக்குத் தெரியும்.

ஆனால் பிள்ளையை ஏற்றுகிற கார் என்று நீ சொன்ன பிறகு தள்ளிப்போட முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் புதிது. அப்சார்பர் புதிது. அடுத்து பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்கு மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. விரலால் தடவினால் பெயின்டுக்குக் கீழே 62.

திட்ட வேண்டிய வார்த்தைகளையெல்லாம் வழி நெடுக வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டு ஜெராம் போனேன். உன் அப்பாவின் வாய் உனக்குத் தெரியுமே. கடையில் இறங்கி, ரேடியேட்டரை மாற்றினாயா என்று மட்டும் முதலில் கேட்டேன். சேது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “மாத்தியாச்சுண்ணே, புது சாமான் லா” என்று காரைத் தட்டிக்கொடுத்தான். நான் பானெட்டைத் தூக்கி நம்பரைக் காட்டினேன். நம்பர் எழுதுகிற கதையையும் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. கழுவிப் பெயின்ட் அடித்தேன், ஒழுகவில்லை, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று நினைத்தேன் என்றான். தே ஓ-வோடு வந்த புஷ்பவள்ளி, “அண்ணன் வண்டிக்குமா?” என்று அவனைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனே, வரிசையாக எடுத்துப்போன வார்த்தைகளில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று நினைத்தேன் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்த வார்த்தை.

நம் பழைய கார் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தபோது, ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள், எனக்கு அடிக்கடி நெஞ்சை அடைக்கிறது, அவசரத்துக்கு ஓட வண்டி வேண்டும் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி என்று ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்குப் போகவில்லை. கோல சிலாங்கூர் ஆற்றோரம் நிறுத்தி, ரேடியேட்டரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைக் கொட்டினேன். தோட்டத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான், சின்ன ஓட்டையை அது அடைக்கும். பொழுதைப் போக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து மாற்றியாயிற்று என்றேன். கையில் காசு இல்லாமல் இல்லை. சோம்பல், அதோடு இவள் சொல்லி நான் கேட்பதா என்கிற வீம்பு. உன் அம்மா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அதிலிருந்து பதினாறாம் நாள் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அசாம் ஜாவா தாண்டுமுன் கார் புகைந்து நின்றது. ஒரு காய்கறி லோரி நின்று ஏற்றிக்கொள்ளும்வரை நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றோம். பின் சீட்டில் சாய்ந்திருந்தவள் அந்தப் புகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

புது ரேடியேட்டர் திடீரென்று வெடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தப்பு இல்லப்பா, விதி” என்றாய். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாக ஒவ்வொரு திதிக்கும் அதையே சொல்கிறாய். நீ அதைச் சொல்லும்போது நான் ரொம்பத் தனியாகிப்போகிறேன் அம்மா. நீ ஆறுதல் சொல்வது வேறு யாரோ ஒரு நல்ல மனுஷனுக்கு. அவன் பக்கத்தில் நான் சும்மா நிற்கிறேன்.

சேது அன்றைக்கே புது ரேடியேட்டர் வாங்கிவந்து என் கண் முன்னால் மாட்டினான். நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ஜெராம் பக்கம் போகவில்லை. கோபம் இல்லை. போனால் அவன் தலையைக் குனிந்துகொள்வான். அவனைக் குனியவைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இப்போது சாயங்காலம் வந்தால் பேச்சுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காரைச் சோதித்துப் பார்க்க ஏர்போர்ட் வரை ஓட்டிப்போனேன். சூட்டு முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. போனதுதான் போனோம் என்று உள்ளே போய், ஆட்கள் வெளியே வருகிற கதவுக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு மலாய்க்காரப் பெண் கேட்டாள். மகள் வருகிறாள் என்றேன்.

கார் இப்போது நன்றாக இருக்கிறது. இதை நம்பலாமா என்று உனக்குத் தோன்றினால் அது நியாயம். மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், வேறு பட்டறைக்கும் கொண்டுபோ. எனக்கு வருத்தம் இல்லை. இதையெல்லாம் படித்த பிறகு டிக்கெட் எடுக்க மனம் வராவிட்டால் அதுவும் உன் இஷ்டம். பள்ளிக்கூடத்தில் வேலை என்று மட்டும் சொல்லாதே. நம் குடும்பத்தில் நான் ஒருவன் பொய் சொன்னது போதும்.

பேத்திக்கு முத்தம். மழைக்காலத்தில் படகில் ஏறும்போது அவளுக்குத் தண்ணீரில் மிதக்கிற காற்றுச் சட்டையைப் போட மறக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

என்னைத் திட்ட உனக்கு நிறைய இருக்கும். எழுதி அனுப்பாதே தனே, ஃபோனிலும் வேண்டாம். நேரில் வந்து, வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி திட்டு. திட்டுவதற்காகவாவது வா.

உன் அப்பா,
நாராயணசாமி