பம்பாய் மெடல்

மச்சான்,

நேற்று தேனியிலிருந்து கூடலூர் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பட்டாளத்து இளைஞன் வந்து உட்கார்ந்தான். ஐப்பசித் தூறலில் அவனுடைய கம்பளிக் கோட்டு நன்றாக நனைந்திருந்தது. ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையும் கலந்த அந்த வாடை வந்ததும் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏதோ கேட்டான். பதில் சொல்லவில்லை. சிடுமூஞ்சிக் கிழவன் என்று நினைத்திருப்பான். இருக்கட்டும், அப்படி நினைக்கப்படுவது எனக்குப் புதிதல்ல.

உங்கள் கோட்டும் அப்படித்தான் நாறும். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தால் சித்திரை வெயிலானாலும் அதை மாட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள். கழுத்தெல்லாம் வேர்வை ஓடும். கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "பட்டாளத்து விசயமாப் போறோம் மாப்ளே. தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டா போறது?" என்பீர்கள். உங்களுக்கு அது ஒரு மரியாதை. அந்த மரியாதையை உங்களுக்கு யாரும் திருப்பித் தரவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன சண்டையில் நீங்கள் பாலம் போடும் படையோடு பஸ்ராவுக்குப் போனீர்கள். அங்கே படகுகளை வரிசையாகக் கட்டி ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டிருக்கிறார்கள். எதிரியின் குண்டு விழுந்து கட்டு அறுந்து, காயம்பட்டவர்களோடு ஒரு படகு சுழலில் போயிருக்கிறது. நீங்கள் குதித்து அதன் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு நீந்திக் கரை சேர்த்தீர்கள். இதை நான் உங்கள் வாயால் கேட்கவில்லை. உங்களோடு இருந்த ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் சொன்னார். உங்களிடம் கேட்டபோது, "தண்ணி சில்லுன்னு இருந்துச்சு மாப்ளே" என்று மட்டும் சொன்னீர்கள். பெரியாற்று வெள்ளத்தில் நீந்தி வளர்ந்தவருக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்?

அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் வைத்து அந்த வெள்ளி மெடலைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த சண்டை மெடல் வேறு. இது துணிவுக்கென்று தனியாகக் கிடைத்தது. விளிம்பைச் சுற்றி உங்கள் நம்பரும் பெயரும் படையின் பெயரும் பொறித்திருந்தன. ஆனால் ஊர் திரும்பும்போது கையில் கொடுத்த சர்வீஸ் காகிதத்தில் பொது மெடல் மட்டும்தான் இருந்தது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தை எனக்குக் காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

உத்தமபாளையத்தில் சண்டைக்குப் போனவர்களுக்காகக் கல் நட்ட நாளில்தான் அது தெரிய வந்தது. கலெக்டர் துரை வந்திருந்தார். தனி மெடல் வாங்கியவர்களுக்குப் பந்தலில் நாற்காலி. மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். நீங்கள் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நம் ஊர் முன்சீப் வந்தார். மெடலைக் கழற்றித் தரச் சொல்லி, கண்ணருகே வைத்து, விளிம்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"லிஸ்ட்டுல இவரு பேருக்கு நேரா ஒண்ணையும் காணமே. பம்பாய்ல கப்பல விட்டு எறங்குனா இந்த மாதிரி மெடலைக் கூறு கட்டி விக்கிறாகளாம்ல?"

சிரித்தார்கள். நம் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

"எந்திரிங்க. அங்கன போயி நில்லுங்க."

எழுந்தீர்கள். துரைக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் நின்றீர்கள். அந்த நாற்காலியில் முன்சீப்பின் மைத்துனர் உட்கார்ந்தார். சண்டைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக சர்க்காரிடம் ஒரு சன்னதுப் பத்திரம் வாங்கி வைத்திருந்தவர். கப்பலைக் கண்ணால் பார்த்திராதவர்.

அன்றிலிருந்து ஊரில் உங்கள் பெயர் பம்பாய் மெடல். காப்பிக் கடையில் நீங்கள் நுழைந்தால், "பம்பாய் மெடல் வந்துட்டாக, நாற்காலி போடுங்கப்பா" என்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவீர்கள். அக்காவால் சிரிக்க முடியவில்லை. வாய்க்காலில் துணி துவைக்கப் போனவளிடம் ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரக திரும்பப் பம்பாய் போனா எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லு" என்றாளாம். துணியை அலசாமல் அப்படியே சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போது நான் பெரியகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பி.ஏ. படித்திருந்தேன். சட்டம் படிக்க அனுப்பாமல் என் அப்பா நிறுத்திவிட்டார். அந்த ஆத்திரத்தையெல்லாம் உங்கள் மனுக்களில் இங்கிலீஷாகக் கொட்டினேன். பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். அங்கிருந்து மறுபடி பழைய இடத்துக்கே. ஆஸ்பத்திரியில் கொடுத்த மெடல்களின் விவரம் தனியாக எழுதப்பட்டு, படையின் பதிவோடு சேராமலே போயிருக்கிறது. வருடங்கள் ஓடின. கடைசியில் ஒரு நல்ல மனிதர் எழுதினார்: பழைய சிபாரிசுக் காகிதம் கிடைக்கவில்லை, ஆனால் மெடலையே அனுப்பினால் விளிம்பில் உள்ள பெயரையும் நம்பரையும் ஒப்பிட்டுப் பதிவைத் திருத்திவிடலாம்.

அந்தக் கடிதத்தோடு கூடலூருக்கு ஓடி வந்தேன். நீங்கள் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் படித்துச் சொன்னதும் அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். நீங்கள் அரிவாளைக் கீழே வைத்தீர்கள்.

"மெடல் இல்ல மாப்ளே."

"இல்லையா? எங்கே?"

"வீரபாண்டில. ஆத்தாகிட்ட."

அதற்கு முந்திய சித்திரையில் உங்கள் மகளுக்கு அம்மை போட்டிருந்தது எனக்குத் தெரியும். முத்து கண்ணுக்குள் இறங்கி இரண்டு கண்ணும் திறக்கவில்லை என்பதும் தெரியும். மெடலை ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக் கண்மலர் செய்து, மாரியம்மன் முகத்தில் சாத்திவிட்டு வந்ததைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மனுக்குச் செலுத்தியதைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்டாலும் அதில் உங்கள் பெயர் ஏது?

"வீட்டில் வேறு வெள்ளியே இல்லையா மச்சான்?"

"ஏன் இல்ல? ஒங்கக்கா கொலுசு இருக்கு. அது கடையில வாங்குனது."

"வெள்ளி வெள்ளிதானே!"

"பிள்ளைக்குக் கண்ணைக் குடுன்னு கேக்கப் போறேன். கடையில வாங்குனதையா கொண்டுபோயிக் குடுக்கிறது? நான் சம்பாதிச்சது அது ஒண்ணுதான மாப்ளே."

பிள்ளைக்கு இடது கண் பிழைத்தது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று என் நெஞ்சில் நின்றது வேறு. பம்பாய்க் கடையில் வாங்கியது என்று ஊரே சொன்ன ஒன்றை, கடையில் வாங்காதது இது ஒன்றுதான் என்று நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தீர்கள். அதை நான் முழுதாகப் புரிந்துகொள்ள நாளாயிற்று. புரிந்த பிறகும் கோபம் ஆறவில்லை.

ஒரு வழிதான் மிச்சமிருந்தது. மெடல் களவு போயிற்று என்று மாஜிஸ்திரேட் முன் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், களவு போன மெடலுக்கென்று ஒரு விசாரணை நடக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பதிவையும் திருத்தச் சொல்லலாம். உருக்கிவிட்டோம் என்று சொன்னால், ராஜா தலை பொறித்ததை எப்படி உருக்கினாய் என்று புதிய வம்பு வரும். நானே வாக்குமூலத்தை எழுதினேன். நல்ல யோசனை என்று வக்கீலும் சொன்னார். இன்றைக்கும் நான் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

மாஜிஸ்திரேட் கச்சேரியில் அங்குள்ள குமாஸ்தா அதைப் படித்துக் காட்டினார். "பதக்கம் வீட்டிலிருந்து களவு போய்விட்டது. சரிதானே?"

"இல்லைங்க."

நான் உங்கள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் திரும்பவில்லை.

"இல்லையா? பிறகு இங்கே எழுதியிருக்கிறதே?"

"அது எங்க மாப்ள எனக்காக எழுதுனாரு. மெடலு ஆத்தா மொகத்துல இருக்குங்க. அதைக் களவுன்னு சொன்னா, எடுத்தது யாருன்னு கேப்பீக. ஆத்தாவையா சொல்றது?"

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். மனு அன்றோடு முடிந்தது. வெளியே வந்ததும், இனி உங்கள் காரியத்துக்காக ஓர் எழுத்துக்கூட எழுத மாட்டேன் என்றேன்.

"கோவிச்சுக்காத மாப்ளே. வா, காப்பி குடிப்போம்."

நான் வரவில்லை. நீங்கள் தனியாகக் குடித்துவிட்டு வந்து பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தீர்கள்.

இந்தச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன வருடம், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் மலைக்காய்ச்சலோடு திரும்பினீர்கள். பத்து நாள்கூடப் படுக்கவில்லை. உங்களைத் தேரில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிய பிறகு காப்பிக் கடைப்பக்கம் எவனோ, "பம்பாய் மெடல் போயிட்டாகளாம்ப்பா" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு உங்கள் நிஜப்பெயரே தெரியாது.

இந்த வருடம் கம்பத்தில் ஆள் சேர்க்கும் கூட்டம் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் கேப்டனும் நம்மாள் ஒரு சுபேதாரும் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மேடையில் முன்சீப். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

"இது வீரம் வெளஞ்ச மண்ணு! போன சண்டையில நம்ம கூடலூர்க்காரரு ஒருத்தரு ஆத்துல குதிச்சு வெள்ளி மெடல் வாங்குனாக. நான் இந்தக் கையால வாங்கிப் பாத்தேன்!"

நான் எழுந்துவிட்டேன். "எந்த மெடல் முன்சீப்பய்யா? பம்பாய்ல கூறு கட்டி விக்கிறாகளே, அதுவா?"

பின்னால் பெரிய சிரிப்பு. முன்சீப் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏலே, ஒக்காருலே. பழசைக் கெளறாத."

கேப்டன் என்னவென்று கேட்க, சுபேதார் இறங்கி வந்தார். நான் இங்கிலீஷிலேயே சொன்னேன். எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் வாங்கிய மெடல் பதிவில் இல்லை. அதைக் கையில் வாங்கி விளிம்பைப் படித்த சர்க்கார் உத்தியோகஸ்தர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் இதோ மேடையில் நிற்கிறார். சுபேதார் அவரிடம் திரும்பினார்.

"பெயர், நம்பர் இருந்ததா? நீங்களே படித்தீர்களா?"

இல்லை என்றால் மேடையில் சொன்னது பொய். ஆமாம் என்றால் பந்தலில் சொன்னது பொய். முன்சீப் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்துச்சு. படிச்சேன்."

அங்கேயே அதை வாக்குமூலமாக எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கேப்டன் சாட்சியாகப் போட்டார். முன்சீப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒனக்கு இப்ப திருப்திதான?" என்றார். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் நின்றுகொண்டிருந்த அந்தப் பகல் முழுவதும் அந்தக் கையெழுத்தில் அடங்குமா?

அதை அனுப்பிய பிறகு பதிவு அலுவலகத்திலிருந்து திருத்திய பதிவின் நகல் வந்து சேர்ந்தது. அதை அக்காவுக்குப் படித்துக் காட்டத்தான் நேற்று அந்த பஸ்ஸில் வந்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். இன்ன ஆற்றில், எதிரியின் குண்டுக்கு நடுவில், காயம்பட்டவர்களின் படகை மீட்ட துணிவுக்காக வெள்ளிப் பதக்கம் அளிக்கப்பட்டது. உங்கள் பெயர் முழுதாக இருந்தது. அக்கா அழவில்லை. உங்கள் மகள்தான் தாளை வாங்கிப் பிழைத்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில என்னமோ சொன்னியே தம்பி, அது என்ன?"

"ஒன்றுமில்லை அக்கா. பதக்கத்தின் தற்போதைய நிலை என்று ஒரு இடம் உண்டு. தொலைந்தது என்று போட்டிருக்கிறார்கள். அது வழக்கம்."

அக்கா மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அவுக தொலைக்கலையே. குடுத்தாக."

"தெரியும் அக்கா. ஆனால் அலுவலகத்துக்கு..."

"அப்ப இன்னமும் தப்பாத்தான எழுதியிருக்காக?"

தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன். முன்சீப்பை மடக்கியவனை அக்கா ஒரே கேள்வியில் மடக்கிவிட்டாள்.

மச்சான், இனி எழுத மாட்டேன் என்று கச்சேரி வாசலில் உங்களிடம் சொன்னேன். கம்பத்தில் அதை ஒருமுறை மீறியாயிற்று. இன்று காலை மறுபடியும் தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பதக்கம் தொலையவில்லை, களவும் போகவில்லை, அதைப் பெற்றவர் தம் மகளின் கண்ணுக்காக வீரபாண்டி மாரியம்மனுக்குச் செலுத்திவிட்டார், பதிவை அவ்வாறே திருத்தக் கோருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். சிரிப்பார்கள். ராஜாவின் தலையை உருக்கினாயா என்று கேட்டாலும் கேட்கட்டும். வீரபாண்டிக்கு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டால் இந்த மனுவை யார் எழுதுவது?