அந்தமானுக்கு ஓர் ஒத்திகை

கூனங்குப்பம், பழவேற்காடு
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு உன் நைனா எழுதுவது.

எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரியை எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். பயப்படாதே, ஆபத்து ஒன்றும் இல்லை. அம்மா வீட்டில் தூங்குகிறாள். நான் மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் அம்மாவின் தலைமாட்டில்தான் கிடக்கிறது. காதில் வைத்துப் பிடிக்க விரல்கள் மடங்காததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். நான் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால், இன்னாயா ரகசியம்னு கேட்பாள். நான் எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

போன வாரம் அம்மா உன்னிடம், சித்திரையில் ஊர்த் திருவிழா இருக்கிறது, அதனால் அந்தமானுக்கு வர முடியாது என்று சொன்னாள் இல்லையா? அது பச்சைப் பொய். ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவை அவளாகவே சித்திரைக்கு இழுத்து வந்துவிட்டாள். உனக்கு வந்த கோபத்தில் நீயும் அதை யோசிக்கவில்லை. பெத்த பொண்ணவிட உங்களுக்குத் திருவிழா பெருசாப் போச்சானு கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். அன்றிலிருந்து நீ பேசவில்லை. அவளும் தானாகக் கூப்பிட மாட்டேன் என்கிறாள். போன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். யாரோ கடன் வேண்டுமா என்று இந்தியில் கேட்கிறார்கள்.

அவள் வர முடியாது என்று சொன்னதற்குக் காரணம் நான்தான். திருவிழாவும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

நீ வேலை பார்க்கும் அந்தமான் ஹோட்டலில், வேலை செய்பவர்களின் அப்பா அம்மாவுக்கு ஐந்து நாள் அறை கொடுப்பார்கள் என்று நீ சொன்ன அன்று அம்மா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அங்க கடலாண்ட சும்மா உக்காந்திருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களானு என்னைக் கேட்டாள். அவளுக்குக் கடற்கரை என்றால் மீன் ஏலம், கூடை, ஐஸ் பெட்டி, விற்கப் போகப் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம். அங்கே போய் வேலையில்லாமல் உட்கார்ந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. என்னோடு போட்டில் வரும் பெலிக்ஸ், கடலாண்ட பொறந்தவங்க கடல் பாக்க பிளேனு ஏறுறீங்களேனு கேலி செய்தான். அதை நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்டோம்.

கேலியெல்லாம் சிரிப்பாகவே முடியவில்லை. குழாயடியில் யாரோ, வீட்டு வேலைக்கு மட்டும் வலிக்குதாம், பிளேனுன்னா வலிக்காதாமானு பேசியிருக்கிறார்கள். அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். சிக்கன்குனியா காய்ச்சல் வந்து நாலு வருஷம் ஆகிறது. காய்ச்சல் போய்விட்டது, வலி மட்டும் முட்டியிலும் மணிக்கட்டிலும் குடித்தனம் வைத்துக்கொண்டு போகவே இல்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கே அது ஒரு குற்றமாகப் பட்டுவிட்டது. ஒடம்புக்கு முடியாதவ ஊர் சுத்தப் போறது தப்பாயானு என்னைக் கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இவர்கள் வாயை அடைக்கிறேன் பார் என்று மனசுக்குள் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்த திங்கட்கிழமை அவள் நல்லபடியாக எழுந்தாள். வழக்கமாக வெயில் ஏறும் வரை அவளால் கையை மூட முடியாது. அன்று தானே தலை பின்னிக்கொண்டாள், வாசல் பெருக்கினாள், எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். என் புத்தி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மடவை மீன் கூட்டமாக வருகிற நாளில் யாராவது கரையில் உட்காருவார்களா? இருக்கிற வலையை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்போம். நாளைக்கு அது வருமோ வராதோ. அம்மாவின் நல்ல நாளையும் நான் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வா, அந்தமானுக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று கிளப்பினேன். பெலிக்ஸோடு போட்டில் முகத்துவாரம் தாண்டி அந்தப் பக்கத்து மணலுக்குப் போனோம். அங்கே தீவுக்குத் தீவு போகும் கப்பலில் ஏறி இறங்கப் பழக வேண்டும் என்று, போட்டிலிருந்து இரண்டு தடவை இறங்கி ஏறச் சொன்னேன். மணலில் வெகுதூரம் நடக்க வைத்தேன். அண்ணியக் கொஞ்சம் உக்கார வைண்ணேனு பெலிக்ஸ் சொன்னான். நீ சும்மா இருடா, அவளே ஜாலியா இருக்கான்னு அவன் வாயை அடைத்தேன். திரும்பி வந்த கையோடு பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போனோம். அவளுக்குச் செருப்பு, பை, ரெண்டு நைட்டி வாங்கினோம். அங்கிருந்து காட்டூரில் உன் மாமா வீட்டுக்குப் போய் நீ அனுப்பிய விமான டிக்கெட்டைக் காட்டிவிட்டு வந்தோம். வேண்டுமென்றே குழாயடி வழியாக அவளை நடத்திக் கூட்டிவந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அவள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவளால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. புடவையை இழுத்துவிடக்கூட முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் அடித்த நாட்களில்கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பெலிக்ஸின் மனைவி ரோஸ்மேரிதான் வந்து குளிப்பாட்டினாள். நான் சோறு ஊட்டினேன். அந்த வாரம் நான் தொழிலுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் மனம் அங்கே நின்றிருக்காது. பொன்னேரி டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, அளவாக நடமாட வேண்டும் என்று சொல்லியிருந்தேனே என்று என்னைப் பார்த்தார்.

சுபா, எனக்குத் தாங்க முடியாதது எது தெரியுமா? அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னால உன் பொழப்பு கெட்டுப் போச்சுயானு அழுகிறாள். செய்தவன் நான், அழுகிறவள் அவள். அப்படியானால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள், என் ஒடம்பு ஒரு ஐஸ் பெட்டி, அதுல இருக்கற ஐஸு அவ்ளோதான்யா, அது தீர்றது எனக்குத் தெரிஞ்சுது, ஆனா நீ அவ்ளோ ஆசையா இருந்தியேனு சொன்னாள். எனக்காகத்தான் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் திருவிழாப் பொய். பொண்ணு ஆசையாக் கூப்புடுது, அங்க போய்ப் படுத்துக்கினு அதோட சந்தோஷத்தையும் கெடுக்கணுமானு சொன்னாள். உன்னிடம் உண்மையைச் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயப்படுகிறாள். என்மேல் கோபப்படுவாய் என்றும் பயப்படுகிறாள். இப்போதும் என்னைத்தான் காப்பாற்றுகிறாள்.

நேற்று நீ அனுப்பியிருந்த பயணத் திட்டத்தைப் போனில் மறுபடி பார்த்தேன். விமானம் இறங்கினதும் சிறைச்சாலை பார்ப்பது, மறுநாள் விடிகாலையில் தீவுக்குக் கப்பல், கண்ணாடிப் படகு, பவளப்பாறை, யானை பெயர் வைத்த கடற்கரை. அதைப் படிக்கும்போது எனக்கு வியர்த்துவிட்டது. நீ என் மகள்தான், சந்தேகமே இல்லை. அப்பனும் பொண்ணும் ஒரே அச்சுனு அம்மா படுத்தபடியே சிரித்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். டிக்கெட்டை ரத்து செய்யாதே. அவள் வர வேண்டும். ஆசை இருந்தும் வரவில்லை என்று சொல்லிவிட்டு மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இங்கே இருக்க முடியாது. ஆனால் வந்தால் இப்படி வர வேண்டும். இறங்கிய நாளில் போர்ட் பிளேரிலேயே படுத்துவிட வேண்டும், மறுநாளும் அப்படியே. கப்பல் அதற்கு அடுத்த நாள் மதியத்துக்கு மேல் இருந்தால் பார். காலையில் அவளை எங்கும் கிளப்பாதே. கைகளை வைத்துக்கொள்ள வெந்நீர் வேண்டும். மாடி அறை வேண்டாம். கடற்கரையில் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றை நிழலில் போடச் சொல். காய்ந்த மணல் காலை இழுக்கும், தண்ணீர் ஓரத்து ஈர மணல்தான் அவளுக்குச் சுகம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறாய், அவள் முதலில் வேண்டாம் என்பாள், நம் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தேவைப்பட்டால் நானும் நொண்டிக்கொண்டு வருகிறேன்.

முக்கியமாக ஒன்று. அவள் வரேன் வரேன்னு சிரித்துக்கொண்டே எழுந்தால் நம்பாதே. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் கெட்டேன். எந்த இடத்தையும் பார்க்கவில்லையே என்று நீயும் நொந்துகொள்ளாதே. உனக்கு லீவு கிடைத்தால் அவள் படுத்திருக்கும்போது பக்கத்தில் படுத்துக்கொள். நீ வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அவள் கடல் பார்க்கவா வருகிறாள்?

உன் நைனா இதுவரை யாரிடமும் இப்படி எழுதியதில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். திட்ட மாட்டேன் என்கிறாள். அதனால் நீயாவது என்னைத் திட்டு. போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு உன்னை அடக்கிவிடுவாள். உட்கார்ந்து நிதானமாக எழுதித் திட்டு, ஒன்றையும் விடாதே. அதற்கு முன்னால், இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே, அம்மாவுக்கு ஒரு போன் போடு. திருவிழா எப்படி இருக்கு என்று மட்டும் கேட்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நைனா
சிங்காரம்