புட்டாவோவுக்கு இரண்டு மணி நேரம்

ரங்கூன்

சௌபாக்கியவதி ஆவுடையம்மாளுக்கு, முருகன் புண்ணியத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறதென்று எழுது.

வடக்கே புட்டாவோவில் நம் கடையைப் பார்க்கும் உன் தம்பி குழந்தைவேலுவுக்குக் காய்ச்சல், பயப்படாதே. மழைக்கு முன் அவனைக் கீழே கொண்டுவர வேண்டும். ரயில் மிச்சினா வரைக்கும்தான்; அங்கிருந்து கோவேறு கழுதைப் பாதைதான்.

நேற்று ஒரு கோட்டுப் போட்ட தரகன் வந்து, "கழுதை எதுக்கு முதலாளி? ஏரோப்ளேன்ல ரெண்டே மணி நேரம்" என்றான்.

"எங்கடா இறக்குவே, மரத்து மேலயா?"

"இடம் வெட்டுவாங்க."

"நீ ஏறியிருக்கியா?"

"பாத்ததுகூட இல்லீங்க."

காணாத வண்டிக்கு மணி சொல்லும் வெட்கங்கெட்ட பயல்! வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

மழை நெருங்கினால் முதலாளியும் கூடவே நடந்தால்தான் கழுதைக்காரர்கள் கிளம்புவார்கள். அதனால் இன்றே நானே போகிறேன். எலுமிச்சை ஊறுகாய் பெரிய ஜாடியாக அனுப்பு. குழந்தைவேலு வந்துவிட்டால் இனி இங்கே இலையில் உட்காருவது இரண்டு பேர்.

ரயிலுக்கு நேரமாகிறது.

பழனியப்பன்