விசுவாசமானவர்களுக்கு ஒரு வேலி

பிரென்டிஸ் தோட்டம்,
பெல்லமி ஓடை, குவீன்ஸ்லாந்து
4 மார்ச் 2019

அன்பு வின்னி,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பு எலும்பை மாற்றி ஒரு மாதம் ஆகிறது. மழை விட்டபாடில்லை. நேற்று உன் இஞ்சி கேக்கை நினைத்துக்கொண்டேன்.

கரும்புத் தோட்டத்தை விற்கப் போகிறேன். பையன்கள் இருவரும் பிரிஸ்பேனை விட்டு வர மாட்டார்கள். வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்குகிறது. ஜூன் முதல் தேதி கையெழுத்து.

உன்னிடம் ஒரு சின்ன உதவி. 28ஆம் தேதி நகர மன்றத்தில் கூட்டமாம். உங்கள் தீவுக்காரர் சங்கம் இழப்பீடு கேட்கிறதாம். உன் மருமகள் கோரலி வானொலியில் 'அடிமைகள்' என்றாள். அடிமைகளா, வின்னி? என் தாத்தா ஒப்பந்தம் எழுதி, கூலி கொடுத்து வைத்திருந்தவர்களா? நீ எழுந்து எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் ஓடைக்கரைக்குப் படம் வரையப் போனால் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாயே! நீ வேலைக்காரியா? எங்கள் குடும்பத்தில் ஒருத்தி.

விற்பதற்கு முன், உங்கள் ஆட்களைப் புதைத்த இடத்துக்கு வேலி போட்டு, அந்தத் துண்டை உங்கள் குடும்பங்களின் பேரில் எழுதிவிட எண்ணம். கூட்டம் நல்லபடியாக முடியட்டும்.

என்றும் உன்,
ஆட்ரி

*

11 மார்ச் 2019

மிஸ் ஆட்ரி அவர்களுக்கு வின்னி அம்ப்ரிம் எழுதுவது.

முழங்கால் இருக்கிறது. அந்த இஞ்சி கேக் உங்கள் அம்மாவின் கேக். மாவு பிசைந்த கைதான் என்னுடையது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழை இருந்தால் உங்கள் வீட்டைக் கேளுங்கள். ஒரே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தோம். கணக்கில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு திங்கட்கிழமை உங்கள் அம்மா எங்கள் வாசலில் காரை நிறுத்தி, "சமையல்கட்டுக்கு ஒரு பொண்ணு வேணும், இவ போதும்" என்றார். போதும் என்றாரே தவிர, அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை "ஏ ஆட்ரி, வாடி" என்றவள் திங்கட்கிழமையிலிருந்து "மிஸ் ஆட்ரி, வாங்க" என்றேன். அறுபத்தேழு வருஷமாகிறது. இந்தக் கடிதத்தின் தலையிலும் அதுதான் நிற்கிறது, பாருங்கள்.

ஒப்பந்தம் என்கிறீர்கள். என் தாத்தா பதினாலு வயசில் அம்ப்ரிம் தீவுக் கரையில் ஒரு கத்தி வாங்கலாம் என்று படகுக்குப் போனார். கப்பலின் அடித்தட்டில் தள்ளி, மேலே பலகை போட்டு, இங்கே கரும்பு வெட்டக் கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், பேனாவைத் தொட்டார், ஒப்பந்தம் ஆகிவிட்டது. என் வீட்டு நாய்கூடப் பேனாவைத் தொடும், மிஸ் ஆட்ரி. அவர் பேர் குமாஸ்தாவின் வாயில் நுழையவில்லையாம், அதனால் தீவின் பேரையே எழுதிவிட்டான். உங்கள் தாத்தாவை 'சார்லஸ் இங்கிலாந்து' என்று எழுதி, இன்றைக்கு உங்களை 'ஆட்ரி இங்கிலாந்து' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள், பேசுகிறேன். ஆனால் வேலி போடும் முன் எங்களில் ஒருத்தரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாத்தாவைப் புதைத்த அன்று எனக்கு ஏழு வயசு. மண் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

இப்படிக்கு,
வின்னி அம்ப்ரிம்

*

15 மார்ச் 2019

அன்பு வின்னி,

இவ்வளவு கசப்பா? கோரலி சொல்லி எழுதிய கடிதம் என்றே எண்ணிக்கொள்கிறேன்.

இடம் காட்ட இந்த முழங்காலோடு நீ வர வேண்டாம். பெரிய மாமரத்தடி எனக்குத் தெரியாதா? ஈஸ்டர் தோறும் அப்பா எங்களை அங்கே பூ வைக்கச் சொல்வார். தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். உங்கள் ஆட்களுக்காக அழுத மனிதரைத்தான் இன்று வானொலியில் ஏசுகிறார்கள்.

ஆட்ரி

*

30 மார்ச் 2019

மிஸ் ஆட்ரி அவர்களுக்கு,

கூட்டம் முடிந்தது. இடுப்பு வலியால் நீங்கள் வரவில்லை என்றார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கவுன்சிலர் ஹெர்ப் லோமாஸ் தொப்பையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "செத்துப்போனவன் செத்துப்போனவனுக்குச் செஞ்சதுக்கு நான் ஏன்யா குடுக்கணும்?"

எங்கள் கிளாரி அண்ணனுக்கு எண்பத்திரண்டு வயசு, அறுபது வருஷம் கரும்பு வெட்டியவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "செத்துப்போனவன் வச்ச நெலம் மட்டும் உனக்கு உசுரோட வந்துச்சாக்கும், ஹெர்ப்பு?"

முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். "துணி குடுத்தோம், சாப்பாடு குடுத்தோம், படுக்க எடம் குடுத்தோம். இன்னும் என்னதான் வேணும் இவங்களுக்கு?"

"அத்தனையும் குதிரைக்கும்தானம்மா குடுத்தீங்க," என்றேன். அப்போதுதான் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். திரும்பியதை விடுவேனா? எங்கள் ஜனங்களில் பெரும்பாலோரை, வெள்ளையர் தேசம் வேண்டும் என்று கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினீர்களே, அப்புறம் வெள்ளைக் கையால் விளைந்த கரும்புக்கு டன்னுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்ததே, அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். எங்களைப் பிடித்து வந்ததில் லாபம், அனுப்பினதிலும் மானியம். நாங்கள் கேட்டால் மட்டும் பேராசை.

உங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன், வாக்குத் தவறவில்லை. "'எங்க குடும்பத்துல ஒருத்தி'ன்னு மிஸ் ஆட்ரி எழுதியிருக்காங்க. ரொம்பச் சந்தோஷம். அவங்க அப்பா உயில்ல எம் பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்க." சிரிப்பு அடங்க நேரமானது. கவுன்சில் எப்போதும் போல ஒரு உபகுழு போட்டுவிட்டுத் தேநீருக்குப் போனது.

மாமரத்தைப் பற்றி நேரில் பேச வேண்டும். கோரலி இரண்டு தடவை போன் செய்தாள். நீங்கள் தூங்குகிறீர்கள் என்றார்கள். எழுதினால் உங்களுக்குப் பிடிக்காத வரியைத் தாண்டிப் படிப்பீர்கள், போன தடவை தாண்டியது போல. நான் வரும்வரை வேலி போடாதீர்கள்.

வின்னி அம்ப்ரிம்

*

9 மே 2019

வின்னி,

ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டாய். இருந்தாலும் நான் சொன்ன சொல் மாறவில்லை.

மாமரத்தடியைச் சுற்றி வெள்ளை வேலி போட்டாயிற்று. பித்தளைப் பலகையும் வைத்தாயிற்று: 'இத்தோட்டத்தில் மனமுவந்து உழைத்த விசுவாசமான தீவுவாசிகள் இங்கே உறங்குகிறார்கள்.' பாதிரியார் ஜெபம் செய்தார், மேயர் ரிப்பன் வெட்டினார், எல்லோருக்கும் தேநீரும் கேக்கும் கொடுத்தோம். புகைப்படம் அனுப்பியிருக்கிறேன். அந்தத் துண்டை உங்கள் பேரில் எழுதியாயிற்று. ஓடைக்கரை உட்பட மீதி எல்லாம் கம்பெனிக்குப் போகிறது.

கூடவே ஒரு படிவம். எங்கள் குடும்பத்திடம் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஆட்ரி

*

14 மே 2019

ஆட்ரி,

புகைப்படம் வந்தது. பாதிரியார் கண்ணை மூடி நிற்கிறார், மேயர் கையில் கத்தரிக்கோல். கோரலி மூன்று தடவை பார்த்துவிட்டு, "அத்தே, இத வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

நீங்கள் ஜெபம் செய்தது டியூக்குக்கு. டியூக், கேப்டன், பிளாசம். உன் அப்பாவின் உழவுக் குதிரைகள் மூன்றும்தான் மாமரத்தடியில் கிடக்கின்றன. குழி வெட்டியது என் மாமன். உன் அப்பா தொப்பியைக் கழற்றி அழுதது உண்மைதான், அது கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய டியூக்குக்காக. எங்கள் யாருக்கும் அவர் தொப்பி கழற்றி நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரத் தோட்டத்தில் நல்ல நிழல் குதிரைக்குத்தான் என்பது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அறுபது ஈஸ்டராகப் பூ வைத்த உனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் பதினெட்டுப் பேர் ஓடைக்கரையில் இருக்கிறார்கள். சுற்றிலும் ஓடைக்கல், தலைமாட்டில் குரோட்டன்ஸ் செடி. எங்கள் தீவுகளில் அதுதான் வழக்கம். 'அழகான செடி' என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் வரைந்தாயே, அதே இடம். நாற்காலியின் நாலு காலும் என் தாத்தாவின் நெஞ்சில் நின்றன. அதை அங்கே வைத்தது என் கை. நீ வரைந்து முடிக்கும்வரை மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன். எனக்குப் பதினோரு வயசு. நீ யாரிடம் கேட்டாய்?

ஜூன் முதல் தேதி நீ கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் அவர் மேல் புல்டோசர் ஏறும். ஓடைக்கரையைப் பிரித்து எங்கள் பேரில் எழுது. 'தானம்' என்று எழுதாதே, படுத்திருப்பவர்களின் இடம் அது. இழப்பீட்டுப் பேச்சு தனி, அதை நாங்கள் விடப்போவதில்லை. உன் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பியிருக்கிறேன். பித்தளைப் பலகையைக் கழற்ற வேண்டாம். 'தீவுவாசிகள்' என்பதை மட்டும் சுரண்டிவிடு. மனமுவந்து உழைத்தார்களா என்று குதிரைகளிடம் நீயே கேட்டுக்கொள்.

கடிதத்தின் தலையில் ஒரு வார்த்தை குறைவதைப் பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை.

திருமதி வினிஃப்ரெட் அம்ப்ரிம்

*

20 மே 2019

திருமதி அம்ப்ரிம் அவர்களுக்கு,

அப்பாவின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். '1949, ஆகஸ்ட் 17. டியூக்கை மாமரத்தடியில் புதைத்தோம். ஆட்ரி அழுதாள்.' எனக்கு அது நினைவில்லை. உங்கள் தாத்தா இறந்தது அதற்கு முந்தின வருடம் என்று கிளாரி சொன்னார். அந்த வருட நாட்குறிப்பு முழுவதும் தேடினேன். எங்கும் அவர் பெயர் இல்லை.

நான் வரைந்த படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. இத்தனை வருடம் செடியைத்தான் பார்த்திருக்கிறேன். நேற்று படத்தில் கல்வரிசைகளை எண்ணினேன். உங்கள் கணக்குப்படியே பதினெட்டு இருக்கின்றன.

ஓடைக்கரையைப் பிரிக்கும்வரை கையெழுத்து இல்லை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலம் அளப்பவர் வருகிறார். எல்லையை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

நானும் வரலாமா? என்னால் நெடுநேரம் நிற்க முடியாது.

ஆட்ரி பிரென்டிஸ்

*

22 மே 2019

ஆட்ரி,

வா. நாற்காலியை நீயே தூக்கிக்கொண்டு வா. கல்வரிசைக்கு வெளியே போடு.

வினிஃப்ரெட் அம்ப்ரிம்