உன் டாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் சுகமும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையில் எத்தனை பொத்தான் இல்லை என்று இங்கிருந்தே சொல்கிறாள். சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி. அலமாரி மேலே நீ வைத்துவிட்டுப் போன போர்க்கால டாங்கிப் பெட்டி, துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற அந்தப் பொம்மை, "கம்பெனியில இதை இப்ப போடறதே இல்லப்பா, லீவுல வந்து நானே செய்வேன், யாரும் தொடாதீங்க" என்றாயே, அதைத் தொட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், உன் குரல் மாறுவதைக் கேட்கத் தைரியமில்லை.

முட்டி வலிக்கு டாக்டர் மூன்று வாரம் வீட்டில் உட்காரச் சொன்னார், இரும்புக் கடையை உன் சித்தப்பா பார்த்துக்கொண்டான், சும்மா உட்கார எனக்கு வராது. தூசி தட்டத்தான் இறக்கினேன், சத்தியமாக. உள்ளே அறுநூறு துண்டுக்கு மேல், எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. முப்பது வருஷம் ஆணியும் திருகாணியும் ரகம் பிரித்த கை கேட்குமா? ஒவ்வொன்றாக வெட்டி, சக்கரம் ஒரு டப்பா, கம்பி ஒரு டப்பா, தகடு ஒரு டப்பா என்று அடுக்கி, வெறும் சட்டங்களைக் குப்பையில் போட்டு, அப்புறம்தான் செய்முறைத் தாளைப் பிரித்தேன். நாற்பத்தேழாம் நம்பரைப் பன்னிரண்டோடு ஒட்டு என்கிறது. நம்பரெல்லாம் சட்டத்தில்தான் இருந்திருக்கிறது, குப்பை வண்டியோ போய்விட்டது.

அம்மா முதலில், "அவளுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க, என்னை இழுக்காதீங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் அவளே வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு விரல், எனக்குக் கண்ணு, ஆரம்பிங்க" என்றாள். நான் தடவித் தடிமன் சொல்ல, அவள் படத்தோடு ஒத்துப்பார்த்து இடம் சொல்ல, பதினெட்டு நாள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடே இல்லை. முன்னாளில் ராணுவத்தில் டாங்கி ரிப்பேர் பார்த்த நம் பஸ் டிப்போ மெக்கானிக் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "முதலாளி, முன்விளக்குக் காப்புக் கம்பியைக் கொண்டுபோய் பின்னாடி மாட்டியிருக்கீங்களே, இது என்ன மாடா, வால் முளைக்க?" என்று சிரித்தார். அதைக் கழற்றி முன்னால் மாட்டினேன். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை மட்டும் பக்கத்துக்கு எண்பத்தாறு கண்ணி, அத்தனையும் அம்மா கோத்தது. நேற்று மத்தியானம் உன் பழைய அகராதி மேல் டாங்கியை மெதுவாகத் தள்ளினேன். ஏறிவிட்டது அம்மாடி! சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலே எழும்பி இறங்குகிறது! அம்மா கைதட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

இதே பெட்டி இன்னொன்று கிடைக்குமா என்று எனக்குத் தெரிந்த வியாபாரி அத்தனை பேரிடமும் கேட்டேன், எங்கேயும் இல்லை. நீ ஆசையாய் வைத்திருந்ததை நான் எடுத்துக்கொண்டேன், அதைப் பூசி மெழுகப் போவதில்லை. மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு மட்டும் இன்னும் ஒட்டாமல் இருக்கிறது, முப்பத்தொரு துண்டு. கை அரிக்கிறது, ஆனால் தொட மாட்டேன், அது உன்னுடையது. லீவை முன்னால் போட்டுக்கொண்டு வா, திட்டுவதை நேரில் வந்து திட்டு. அங்கே வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதத்தோடும் கொஞ்சம் பயத்தோடும்,
உன் அப்பா