நான் எழுதிக்கொடுத்த கோர்ட் ரெக்கார்டு

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இளமாறனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்குத்தான் இல்லை. நீயும் சந்திரிகாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் தங்கை ஜெயஸ்ரீ காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கரணை செல்லியம்மாள் அத்தையின் வீட்டு வழக்கு தோற்றுவிட்டது. அத்தை குடியிருக்கிற வீடு தனக்குத்தான் சொந்தம் என்று அவள் கொழுந்தன் பொன்னுசாமி போட்டானே, அதுதான். வெளி வக்கீல் எதற்கு, நம் வீட்டிலேயே ஜெயஸ்ரீ இருக்கிறாளே என்று நான்தான் அத்தையைக் கட்டாயப்படுத்தினேன். இவளும் வக்காலத்து போட்டாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள், பதில் மனு மட்டும் போடவே இல்லை. கெடு தாண்டிப்போய், அத்தை தரப்பு பதில் சொல்லவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. கேட்டால், விசாரணை அன்றைக்கு நன்றாகப் பேசினால் போதும்னு நினைச்சேன்மா என்று அழுகிறாள். கல்லூரியில் மாதிரிக் கோர்ட் போட்டியில் பேசித்தானே கோப்பை வாங்கினாள்! உன் அப்பா திருமுடிவாக்கம் பட்டறையில் புதிதாக வருகிறவனை ஆறு மாதம் லேத்தில் கை வைக்க விடமாட்டார். இவளுக்கோ ஐந்து வருஷம் முடிந்ததும் கருப்புக் கோட்டை மாட்டி, ஒரு விதவையின் வீட்டில் கை வைக்க விட்டுவிட்டார்கள். ஒரு மனு எப்படி எழுதுவது என்று எவனும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இப்போது டேனியல் வக்கீல் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டிருக்கிறார், கிடைக்குமா தெரியாது. காலேஜ்ல இன்னாம்மா பண்ணீங்க, கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போவலையா என்று அவர் கேட்டபோது இவள் தலையைக் குனிந்தாள். நானும்தான் குனிந்தேன்.

ஏனென்று உனக்கு மட்டும் சொல்கிறேன். கடைசி வருஷம் கோர்ட்டுக்குப் போய் வழக்குகளைப் பார்த்து ரெக்கார்டு எழுதச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படிக்கட்டுமே என்று, சீனியர் பெண் அமலராணியின் ரெக்கார்டை வாங்கி நான்தான் முத்துமுத்தாகக் காப்பி அடித்துக் கொடுத்தேன். இவள் கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. அமலராணி மிதித்தாளோ என்னவோ. அந்த வாத்தியாரும் புரட்டிப் பார்க்காமல் முழு மார்க் போட்டு, கையெழுத்து அழகு என்று வேறு எழுதினார். அதைப் பார்த்து நான் பூரித்தேனே! கல்லூரியைத் திட்ட வாய் வருகிறது, திட்டி முடித்தால் என் கைதான் கண்ணில் படுகிறது.

அத்தை ஒரு வார்த்தை ஏசவில்லை. குழந்தைக்கு என்ன தெரியும், விடுங்க அண்ணி என்றாள். செருப்பால் அடித்திருக்கலாம். வருகிற சனிக்கிழமை போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகும் அண்ணி என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை. ஜெயஸ்ரீ நாளை முதல் டேனியல் சாரிடம் ஜூனியராகப் போகிறாள், அத்தை வீட்டை விலையாகக் கொடுத்துத்தான் அந்தப் புத்தி வந்தது.

மூவருக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே. குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற வேலையை நீ உட்கார்ந்து செய்து கொடுக்காதே. கோணல்மாணலாக இருந்தாலும் அதுவே செய்யட்டும்.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்